ஓட்டையில்லாத முட்டைகோஸ்

பாட்டிலோட கம்பி மூடிய நெம்பினதுதான் தாமதம், செர்ரி பியர் புஸ்ஸுனு பீறிட்டுக் கூரை வரைக்கும் போயி லிபுஷா தலையிலேயே விழுந்துச்சு.

அவ முகத்தக்கூட தொடைக்கல. மோந்து பாத்தா.

காடி நாத்தம். பாட்டில் கழுத்துல பாலேடு மாதிரி வெள்ளையா ஒரு சவ்வு வேற.

போச்சு.

நாளைக்கு மிலாதாவுக்கு அறுபது முடியுது. பிர்னோ நகரத்து டிராம் போயி நிக்கிற கடைசி ஸ்டாப்புக்கு அந்தாண்ட, ஆளுக்கொரு துண்டு நெலத்துல காய் போடுற தோட்டக் காலனி இருக்கே, அது மொத்தமும் விருந்துக்கு வரப்போகுது. குடிக்க லிபுஷா காய்ச்சின பியர்தான்னு மிலாதா எல்லார் கிட்டயும் சொல்லி வச்சாச்சு. ஒண்ணு கெட்டிருக்குன்னா எல்லாமே கெட்டிருக்குமோ? இத ஊத்திக் குடுத்து அத்தன பேருக்கும் வயித்தால போச்சுன்னா, மிலாதா மூஞ்சில எப்படி முழிக்கிறது?

மிலாதான்னா சும்மா இல்லைங்க. பக்கத்துத் தோட்டம்தான், நடுவுல ஒரு வேலி. லிபுஷா புருஷன் யாரோமிர் போயி சேந்தப்போ, அவர் பியர் காய்ச்சுற அண்டாவ வித்துத் தொலைக்கத்தான் பாத்தா இவ. மிலாதாதான் குறுக்க வந்து நின்னா. "யாரோமிர் பியர் இல்லாம நான் எப்படிடி இருப்பேன்?"னு ஒரே அழுகை.

அந்த ஒரு வாய்க்காகத்தான் இவ இன்னும் முதுகுவலியோட செர்ரிக்குக் கொட்டை எடுத்துட்டிருக்கா. வருஷா வருஷம் மிலாதாவுக்குன்னு தனியா ஒரு பெட்டி.

அதுக்குப் பதிலா வேலி தாண்டி ஒரு முட்டைகோஸ் வரும். என்ன கோஸுங்கிறீங்க! கொழந்த கன்னமாட்டம். மத்தவங்க கோஸெல்லாம் ஓடில்லாத நத்தை தின்னு சல்லடையா கெடக்கும். கடையில இருக்கிறதுலயே மட்ட பியரா வாங்கிக் கிண்ணத்துல ஊத்தி மண்ணுல பொதைச்சு வைப்பாங்க, நத்தை குடிக்க வந்து முங்கிச் சாகட்டும்னு. மிலாதா அதுகூட வைக்க மாட்டா. "பியரப் போயி நத்தைக்கு ஊத்துறதா, அடப்பாவிங்களா! எனக்கெல்லாம் கைராசி"ம்பா.

லிபுஷா அடுத்த பாட்டிலத் தொறந்தா. நல்லா இருந்துச்சு. அதுக்கடுத்ததும் நல்லா இருந்துச்சு. அதுக்கும் அடுத்தது பீச்சி அடிச்சுது.

அண்டாவுல கெட்டிருந்தா எல்லாமே இல்ல கெட்டிருக்கணும்? செர்ரி சொத்தைன்னாலும் அப்படித்தானே. அப்போ பாட்டில்தான்.

மிச்சத்த அவ தொறக்கல. ஒண்ணொண்ணா வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா. கழுத்துல வெள்ளைச் சவ்வு இருக்கிறதெல்லாம் ஒரு பக்கம், இல்லாததெல்லாம் ஒரு பக்கம். வரிசையா வச்சதும் பளிச்சுனு தெரிஞ்சுது. நல்லதெல்லாம் பளபளன்னு மின்னுது. கெட்டதெல்லாம் கழுத்து வரைக்கும் எதுலயோ உரசி உரசி மங்கின கண்ணாடி.

மங்கினது அத்தனையும் மிலாதா கிட்டேருந்து திரும்பி வந்த பாட்டிலு.

அத மட்டுந்தான் இவ கழுவல. "வெந்நீர்ல சோடா போட்டு அலசிட்டேன்டி, அப்படியே ஊத்து. ஏன், என்மேல நம்பிக்கை இல்லையா?"ன்னு கேட்டாளே. உருளைக்கெழங்கையே சோப்புப் போட்டுக் கழுவுற பொம்பள. நம்பாம?

ரொப்பாம மிஞ்சின மிலாதா பாட்டில் ஒண்ணு பெட்டி மூலையில கெடந்துச்சு. அத எடுத்து ஜன்னலுக்கு நேரா பிடிச்சுப் பாத்தா. அடியில என்னமோ ஒட்டிட்டிருந்துச்சு. செர்ரித் தோலோ? கம்பிய விட்டு நோண்டி ஒரு சாஸர்ல தட்டினா.

பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் அதுமேல ஒரு கப்பக் கவுத்து மூடினா.

"என்னடி இது, பியர்லயே குளிச்சியா? நாளைக்கு எங்களுக்கு மிச்சம் வைப்பியா மாட்டியா?"

வாசல்ல மிலாதா. இடுப்புல இந்த வருஷத்துக் கோஸ்.

லிபுஷா தலையத் தொவட்டிக்கிட்டே மெதுவா கேட்டா, "போன வருஷம் குடுத்த பெட்டி எப்படி இருந்துச்சு மிலாதா?"

"தேனுடி! ஒரு சொட்டு விடலையே நான். யாரோமிர் இருந்திருந்தா உன் கையப் பிடிச்சு முத்தம் குடுத்திருப்பாரு, போ!"

சொல்லும்போது கண்ணுகூட கலங்குச்சு அவளுக்கு. கோஸ மேசையில வச்சா, நாற்காலி இரவல் வாங்கணும்னு ஓடியே போயிட்டா.

லிபுஷா அந்தக் கோஸக் கையில எடுத்தா. திருப்பித் திருப்பிப் பாத்தா. எலை எலையா பிரிச்சுப் பாத்தா.

ஒரு ஓட்டை இல்ல.

கப்பத் தூக்கினா. சாஸர்ல காஞ்சு சுருண்டு கெடந்துச்சு அந்த நத்தை.

காலனியே கடை பியர ஊத்துது. மிலாதா தோட்டத்துல மட்டும் யாரோமிர் பியரு, பாட்டிலோட, கழுத்து வரைக்கும் மண்ணுக்குள்ள.

லிபுஷா அழல. நல்ல பாட்டிலையெல்லாம் விருந்துக்குன்னு எடுத்து வச்சா. கெட்டதையெல்லாம் ஒரு பெட்டியில அழகா அடுக்கினா. செகப்பு ரிப்பன் கட்டி, எப்பவும் போல "மிலாதாவுக்கு மட்டும்"னு எழுதினா.

குடிக்கப் போறதுங்க இதுவரைக்கும் ஒரு குறையும் சொன்னதில்லையே.