ஏழாவது பாட்டில்

1987 செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலில் சாலையெங்கும் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பிரசவத்தில் கர்ப்பப்பை கிழிந்த அமிர்தத்தைச் சேலத்துக்கு அனுப்ப வழியில்லை. கள்ளக்குறிச்சியிலேயே ஆபரேஷன். உடம்பு குளிர்ந்தால் ரத்தம் நிற்காது. நர்ஸான நான், காலி குளுக்கோஸ் பாட்டில்களில் வெந்நீர் நிரப்பி, துணி சுற்றி, அவளைச் சுற்றி வைத்தேன். ஆபரேஷனில் வைக்கும் பஞ்சைப் போலவே பாட்டிலையும் எண்ணி வைத்து எண்ணி எடுப்பது எங்கள் வழக்கம். வைத்தது ஆறு.

மூன்று மணி நேரம் கழித்து அவள் உடம்பு கதகதவென்று இருந்தது.

"பொழச்சிக்கினாங்க சிஸ்டர்!" என்று டாக்டர் சிவசங்கர் கத்தினார்.

பாட்டில்களை எடுத்தேன். ஆறும் சில்லிட்டிருந்தன. அவள் பாதத்தருகே ஏழாவது ஒன்று சுட்டது.

"இன்னா சிஸ்டர், ஏழு இருக்குது?"

"நான் ஆறுதாங்க வச்சேன்."

அந்த ஏழாவதை ஆபரேஷனுக்கு ஆபரேஷன் வைத்தோம். அதற்குப் பிறகு எங்கள் ஆபரேஷன் மேஜையில் ஒருவர்கூடக் குளிரில் நடுங்கவில்லை. நான் ரிட்டயரான அன்று ஏழாவதைத் தொட்டுப் பார்த்தேன். ஒருநாளும் அதில் நாங்கள் வெந்நீர் மாற்றியதில்லை.

கை சுட்டது.