இருவரும் ஒத்துப்போன விஷயம்

மறுமை நாளில் பாவிகளுக்காக இறைவனிடம் யார் பரிந்து பேசுவார்கள் என்று ஜமாலுத்தீனும் ஹைதரும் தையல் கடையில் முப்பது வருடமாகச் சண்டை போட்டார்கள். ஷியாவான ஹைதர் நபியின் குடும்பத்து இமாம்களைச் சொல்வார். சுன்னியான ஜமாலுத்தீன், "எங்களுக்கு நபி ஒருத்தர் கேட்டாப் போதும்யா, உங்களுக்குத்தான் வீடு நிறைய ஆள் வேணும்" என்று சீண்டுவார்.

அன்றைக்கு ஹைதர் சட்டைக்குக் காஜா எடுத்தபடியே சொன்னார்: "ஒண்ணுல மட்டும் நாம சண்டை போட முடியாது பாய். பிஞ்சுல போன புள்ளைங்க, உம்மா வாப்பா வராம உள்ள போக மாட்டோம்னு சொர்க்க வாசல்லயே நிக்குமாம். உங்க கிதாபுலயும் இருக்கு, எங்க கிதாபுலயும் இருக்கு."

ஜமாலுத்தீனின் மெஷின் நின்றது. நாலாவதும் பெண் என்று கேட்டதும், முகம்கூடப் பார்க்காமல் ஆஸ்பத்திரியிலிருந்து கடைக்குத் திரும்பியவர் அவர். மூன்றாம் நாள் அது இறந்தபோது மச்சான்தான் தூக்கிப்போய் அடக்கினார்.

மத்தியானம் வீட்டில் தலை நிமிராமல் கேட்டார்: "அந்தப் புள்ளைக்குப் பேரு வச்சமா?"

பரிமாறிக்கொண்டிருந்த மனைவி பல்கீஸின் கையில் கரண்டி அப்படியே நின்றது. "நான் வச்சேன். இருபத்தாறு வருஷமா கூப்பிட்டுட்டுத்தான் இருக்கேன்."

"என்ன பேரு?"

"வாசல்ல உங்களுக்காகவும்தானே நிப்பா? அங்க வந்து அவகிட்டயே கேட்டுக்குங்க" என்றவள், அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.