நேராகச் சொல்வது

“‘மேலே போயிட்டார்’னு சொல்லாதீங்க,” என்றாள் அவள். “மாடிப்படி ஏறித் தேடுவாங்க.”

பயிற்சிக்கு வந்திருந்த புதிய ஊழியர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்களைப் பகல் நேரத்தில் பார்த்துக்கொள்ளும் தொண்டு நிறுவனம் அது. வேலைக்குச் சேரும் எல்லோருக்கும் அவள்தான் வகுப்பெடுப்பாள். குளிப்பாட்டுவது, கோபம் வந்தால் சமாளிப்பது எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு, சாவுச் செய்தி சொல்வதைக் கடைசி நாளுக்கு வைத்திருப்பாள்.

“தூங்குறார்னா, தூங்கவே பயப்படுவாங்க. ஊருக்குப் போயிருக்கார்னா, வாசலையே பார்த்துக்கிட்டு இருப்பாங்க. செத்துட்டார்னு சொல்லுங்க. கூட உட்காருங்க. அழுதா அழட்டும்.”

பின்வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். “தாங்குவாங்களா மேடம்?”

“நமக்குச் சொல்லத் தைரியம் இல்லைன்னா, அவங்க தாங்க மாட்டாங்கன்னு பழியை அவங்க மேல போடக் கூடாது.”

சொன்ன வாய்க்கே சுருக்கென்றது.

வகுப்பை முடித்துக்கொண்டு, தம்பியை அழைத்துப் போகக் கீழ்த்தளத்துக்கு இறங்கினாள்.

தம்பிக்கு நாற்பது தாண்டிவிட்டது. காலையில் அவளோடு வருவான். கீழே அட்டைப்பெட்டி ஒட்டும் கூடத்தில் வேலை செய்வான். மாலையில் அவளோடு திரும்புவான். வீட்டில் அவனுக்குப் பேச்சுத்துணை அம்மாதான். இரண்டு பேருக்கும் வாய் ஓயாது.

அம்மா ஆஸ்பத்திரியில் இறந்தபோது அவனைப் பெரியம்மா வீட்டில் விட்டிருந்தார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் அழைத்து வந்தார்கள். “இப்ப எதுவும் சொல்ல வேண்டாம், கொஞ்சம் ஆறட்டும்” என்றார் பெரியம்மா.

அவளும் ஆறப்போட்டாள்.

“அம்மா எப்போ வருவா?” தட்டில் சாப்பாடு விழுந்ததும் தினமும் கேட்பான்.

“உடம்பு சரியானதும் வருவா” என்பாள். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள்.

கொஞ்ச நாளாக அவன் கேட்பதில்லை. மறந்துவிட்டான் என்று நினைத்தாள். அப்படி நினைப்பதில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் வெட்கமாகவும் இருந்தது.

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று படியிறங்கும்போதே முடிவு செய்தாள்.

கூடத்து வாசலில் பொறுப்பாளர் அம்மாள் பூட்டும் சாவியுமாக நின்றிருந்தார். போன பயிற்சியில் அவளிடம் படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்தவர்.

“தம்பிகிட்ட அம்மாவைப் பத்திச் சொல்லிடலாம்னு இருக்கேன். நீங்களும் கொஞ்சம் கூட இருங்களேன்.”

பொறுப்பாளரின் முகம் மாறியது. அவள் கையைப் பிடித்துச் சுவரோரம் அழைத்துப் போனார்.

“அவருக்குத் தெரியும் மேடம். போன மாசம் என்கிட்ட நேராவே கேட்டார், ‘எங்கம்மா செத்துட்டாளா’ன்னு. பொய் சொல்ல வாய் வரலை. நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியே சொன்னேன். அன்னிக்கு மத்தியானம் முழுக்க அழுதார்.”

ஒரு மாதம். எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்ட ஒரு மாதம்.

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டார் மேடம்.” பொறுப்பாளர் தலையைக் குனிந்துகொண்டார். “‘அக்காவுக்கு விஷயம் தெரியாது. அம்மா வந்துடுவான்னே நம்பிக்கிட்டு இருக்கா. ஆஸ்பத்திரியில இருக்கான்னதுக்கே பாத்ரூம்ல போய் அழறா. செத்துட்டான்னு தெரிஞ்சா தாங்க மாட்டா’ன்னார்.”

கண்ணாடிக் கதவுக்கு அப்பால், ஒட்டி அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவே தம்பி தனியாகக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

தலை நிமிர்ந்தவன் அக்காவைப் பார்த்துவிட்டான்.

அவசரமாகச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரித்தான்.