லூஸ் கான்டாக்ட்

சாப்பாட்டு மேசையின் நடுவில் ஒரு சோப்புப் பெட்டி. அதன் மேல் இரண்டு செம்புத் தகடுகள்.

மேசைக்கு ஒரு பக்கம் அப்பா. எதிர்ப்பக்கம் அம்மா. இருவரும் பேசிப் பதினோரு நாள் ஆகிறது.

காரணம், ஹால் ஃபேன். ஊரார் வீட்டு ஃபேனையெல்லாம் ஓடவைக்கிற எலக்ட்ரீஷியன் அப்பா, சொந்த வீட்டு ஃபேனுக்கு மட்டும் மூன்று மாதமாக "நாளைக்கு" என்றார். அம்மா வேறொரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிட்டாள்.

ஃபேன் இப்போது நன்றாகச் சுற்றுகிறது. அதுதான் பிரச்சினையே.

அன்றிலிருந்து வீட்டில் எல்லாச் செய்தியும் மகள் வழியாகத்தான் போகிறது.

"உங்கப்பாவ சாப்பிட வரச் சொல்லு."

"வந்து உக்காந்தாச்சுன்னு சொல்லு."

இடையில் இருப்பது இரண்டடி மேசை.

மகள் படிப்பது மின்னணு இசைக்கருவி வடிவமைப்பு. "அதுக்கெல்லாமா படிப்பு இருக்கு?" என்று சொந்தக்காரர்கள் கேட்டுக் களைத்துவிட்டார்கள். இந்தச் சோப்புப் பெட்டிதான் அவளுடைய கடைசி வருடக் கருவி. ஆளுக்கொரு தகட்டைத் தொட்டுக்கொண்டு கைகோத்தால், உடம்பு வழியாகத் துளி மின்சாரம் ஓடும். பெட்டி பாடும். பிடி இறுக இறுகச் சுருதி ஏறும்.

"நாளைக்கு காலேஜ்ல காட்டணும். டெஸ்ட் பண்ண ரெண்டு பேர் கண்டிப்பா வேணும்" என்றாள், முகத்தை மிக விஞ்ஞானமாக வைத்துக்கொண்டு.

பொய். ஒரே ஆள் இரண்டு கையையும் வைத்தாலும் பெட்டி பாடும். அதைக் கண்டுபிடிக்க முப்பது வருட அனுபவம் தேவையில்லை. அப்பாவுக்கோ அது இருந்தது.

அப்பா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ம்" என்று கீழே வைத்தார்.

அவரையே கவனித்துக்கொண்டிருந்ததில் அவள் அம்மாவைக் கோட்டை விட்டுவிட்டாள்.

"எதுக்கு ரெண்டு பேரு? நானே ரெண்டு கையையும் வெச்சுட்டா ஆச்சு." அம்மாவின் வலது கை ஒரு தகட்டில் உட்கார்ந்துவிட்டது. இடது கை அடுத்ததை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

போச்சு, என்று மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏய், தொடாத! ஷாக் அடிக்கும்!"

கண்ணைத் திறந்தபோது அம்மாவின் இடது கை அப்பாவின் கைக்குள் இருந்தது. அவருடைய இன்னொரு கை, எப்படியோ, அடுத்த தகட்டின் மேல்.

பெட்டி தூக்கத்தில் முனகுகிற குழந்தை மாதிரி ஒரு சத்தம் போட்டது.

"லூஸ் கான்டாக்ட்" என்றார் அப்பா, சுவரைப் பார்த்து. "கெட்டியா புடி."

அம்மா பிடித்தாள். சுருதி ஏறியது. இன்னும் ஏறியது. பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று சாத்திக்கொண்டது.

இருவரும் விடவில்லை.

"அந்தாளு ஃபேன சரியா மாட்டல போல. சத்தம் வருது" என்றார் அப்பா.

"ஆமாங்க. எனக்கும் கேக்குது. நீங்களே ஒரு தடவ பாத்துடுங்க."

ஃபேன் பூனை நடக்கிற மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது.

மகள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, சிரிப்பை அதற்குள் ஒளித்துக்கொண்டு, எழுதவேண்டியதை எழுதினாள். 'மின்சாரம்: ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்று. ஷாக் அடிக்க வாய்ப்பே இல்லை.'

அந்த பேட்டரியைக் காலையில் கடையிலிருந்து வாங்கி வந்து, நாக்கில் வைத்துப் பார்த்து, "நல்லா இருக்கு" என்று அவளிடம் கொடுத்ததே அப்பாதான்.