அங்கி ஓரத்துச் சேறு

எங்க சர்ச்சுல சிலையா இருக்கிற புனிதை நிஜத்துல இருந்ததே இல்லையாம். புதுசா வந்த ஃபாதர் பூசையிலேயே சொல்லிட்டார், எல்லாம் கட்டுக்கதைன்னு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல.

கண்ணாடிப் பெட்டிக்குள்ள நிக்கிற அவங்களுக்கு நான்தான் அங்கி மாத்தித் துவைக்கிறேன். தலையும் கையும்தான் சிலை. அங்கிக்குள்ள ரெண்டு கட்டை, அவ்வளவுதான், கால் கிடையாது. ஆனா அங்கி ஓரம் ஒவ்வொரு தடவையும் சேறாத்தான் இருக்கும். என் மாமியார் துவைச்ச காலத்துலயும் அப்படித்தான். அவங்களும் ஏன்னு கேக்கல, நானும் கேக்கல.

"ஃபாதர், என் மக சாகக் கிடந்தப்ப காப்பாத்தினது இவங்கதான். இல்லாதவங்களா வந்தாங்க?"

"அது டாக்டர் பாத்த வேலைம்மா. இதுக்குக் காலே இல்ல, எப்படி வரும்?"ன்னு சிரிச்சார்.

சிலையைக் கழட்டிக் கிடங்குல பூட்டிட்டார். அங்கியை என்கிட்ட நீட்டி, "தரை துடைக்க வச்சுக்கோங்க"ன்னார். வீட்டுக்குக் கொண்டுவந்து, நல்லா துவைச்சுக் காயவச்சு, பீரோவுல வச்சுப் பூட்டினேன்.

இன்னைக்குக் காலையில திறந்தா ஓரமெல்லாம் ஈரச் சேறு. வெளியில மழையே இல்ல. பின்பக்கம் குதிகால் மிதிச்சுக் கிழிஞ்சிருக்கு.

அப்படியே ஃபாதர் மேசையில கொண்டுபோய்ப் போட்டேன். அந்தக் கிழிசலையே ரொம்ப நேரம் பாத்தார். தொட்டுப் பாத்தார். அப்புறம் மெதுவா, "தைச்சுக் குடுத்துடுங்கம்மா"ன்னார்.

"தரை துடைக்கிற துணியை எதுக்கு ஃபாதர் தைக்கணும்?"னு கேட்டுட்டு வந்துட்டேன்.