பதின்மூன்றாம் செவ்வாய்

அதே பெண் மறுபடியும் வரிசையில் நின்றாள்.

அந்தோணியார் கோயில் வாசலில் சகாயம்மாள் புளிசாதப் பொட்டலங்களை நீட்டிக்கொண்டே ஓரக்கண்ணால் கவனித்தாள். சற்றுமுன் வாங்கிப் போனபோது முக்காடு இல்லை. இப்போது சேலைத் தலைப்பை நெற்றி வரை இழுத்துவிட்டிருந்தாள்.

ஆனால் வார் அறுந்து ஊக்குக் குத்திய செருப்பு அதேதான்.

"ஏனுங்கம்மா, ரெண்டாவது ரவுண்டு வருது பாத்தீங்களா?" என்றார் பக்கத்தில் நின்ற உபதேசியார் சவரியார். "போன செவ்வாயும் இதே வேலைதானுங்க. அந்தோணியாரையே ஏமாத்துது, நாம எம்மாத்திரம்!"

சகாயம்மாள் கூடையில் மீதியிருந்ததை எண்ணினாள்.

ஜெரின் வீடு திரும்ப வேண்டும் என்று நேர்ந்துகொண்ட பதின்மூன்று செவ்வாய்களில் இது கடைசி. இரண்டு வருடத்துக்கு முன் மகன், இவளைத்தான் கட்டுவேன் என்று ஒருத்தியின் படத்தை நீட்டினான். பார்க்க மாட்டேன் என்று சகாயம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று போனவன்தான்.

வாரம் முப்பத்து மூன்று பேருக்குச் சாப்பாடு, ஆளுக்கு ஒன்று. அதுதான் நேர்ச்சை. ஒரே ஆள் இரண்டு வாங்கினால் முப்பத்திரண்டு பேர்தானே ஆகும்? அந்தக் குறைக்காகவே அவன் வராமல் போய்விட்டால்?

கேட்டுவிடலாம். கேட்டால் இத்தனை பேர் முன்னால் ஓர் ஏழையின் முகம் சுருங்கும்.

கேட்காமல் விட்டால், கடைசியில் நிற்கும் மூட்டை தூக்கும் பெரியவர் வெறுங்கையோடு செவ்வாய்ப்பேட்டை மண்டிக்குத் திரும்புவார்.

இதில் எது பாவம்?

சிலை இருந்த கெபியைத் திரும்பிப் பார்த்தாள். அந்தோணியார் தம் கையிலிருந்த குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூடையின் அடியில் கணக்கில் சேராத பொட்டலம் ஒன்று கிடந்தது. அதைப் பெரியவருக்குக் கொடுத்துவிடலாம். அதற்கு மட்டும் அவளுக்கு மனம் வரவில்லை.

அதற்குள் ஊக்குச் செருப்பு எதிரே வந்து நின்றது.

திருட்டு முழிதான், சந்தேகமே இல்லை. ஆனாலும் இந்த வெயிலில் இரண்டு தரம் நிற்க வைப்பது என்ன? பசியாகத்தானே இருக்க வேண்டும்?

நேர்ச்சை குறைந்தால் குறையட்டும். சகாயம்மாள் ஒன்றும் கேட்காமல் பொட்டலத்தை நீட்டினாள்.

அந்தப் பெண் வாங்கவில்லை.

"இது வேண்டாங்கம்மா. அடியில கடலை போடாதது ஒண்ணு இருக்குமாம். அதக் குடுக்கறீங்களா?"

"நல்லா இருக்குது! இதென்ன ஓட்டலா?" என்று சவரியார் சிரித்தார்.

சகாயம்மாள் சிரிக்கவில்லை. நீட்டிய பொட்டலத்தைக் கூடையில் திரும்ப வைத்தாள்.

கடலை பட்டாலே ஜெரினுக்கு உடம்பெல்லாம் தடித்துப்போகும். அவன் ஐந்து வயதிலிருந்து, யாருக்குச் சோறு கிளறினாலும் கடலை சேர்ப்பதற்கு முன் ஒரு பங்கைத் தனியாகக் கட்டி அடியில் வைத்துவிடுவாள். அவன் போன பிறகும் அந்தக் கைப்பழக்கம் மாறவில்லை.

அது தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர்.

அடியில் இருந்ததை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் வைத்தாள். பிறகு முக்காட்டை மெல்ல விலக்கி, பார்க்க மாட்டேன் என்று சொன்ன அந்த முகத்தைப் பார்த்தாள்.

"எங்க நிக்கறான் சாமி? வெயில்லயா?"