முப்பதாவது கையெழுத்து

ஐந்து மணிக்குப் பட்டியலை மூடவேண்டும். மணி நாலே கால். கையெழுத்துக்காரர் பதினோராவது முறையாக நான்காம் மாடிக்குப் படியேறிக்கொண்டிருந்தார்.

வீட்டு வாரியத்தில் அவருக்கு நீளமாக ஒரு பதவிப்பெயர் உண்டு. குடியிருப்பில் யார் வாயிலும் அது நுழையவில்லை. கையெழுத்து வாங்க அலைகிறவர், அதனால் கையெழுத்துக்காரர்.

நாற்பது வீட்டுக்காரர்களில் முப்பது பேர் சம்மதித்தால் கட்டடத்துக்கு லிஃப்ட் வரும், குழாய்கள் மாறும், எல்லா வீட்டுச் சமையலறைச் சுவரையும் உடைத்துப் புதிதாகப் பூசுவார்கள். இருபத்தொன்பது வந்துவிட்டது. இன்று தவறினால் அடுத்த வாய்ப்பு எப்போது என்று வாரியத்துக்கே தெரியாது.

மூன்றாம் மாடியில் பக்கவாதம் வந்த ஒருவர் தெருவைப் பார்த்து நான்கு வருடமாகிறது. திறந்த கதவு வழியாக, ஆச்சா என்று கையாலேயே கேட்டார். கையெழுத்துக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஏறினார்.

மீதி பதினொன்றில் ஒன்பது பேர் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. மிஞ்சியது பக்கத்துப் பக்கத்து வீடுகள் இரண்டு. அண்ணன் வீடு, தம்பி வீடு.

சேர்ந்து வாங்கியபோது சீட்டுக் குலுக்கினார்கள். காற்று வரும் மூலை வீடு அண்ணனுக்கு விழுந்தது. சீட்டை மடித்ததிலேயே ஏதோ கோளாறு என்று தம்பி ஒரு வார்த்தை விட்டார். அவ்வளவுதான். பதினெட்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

ஒரு வீட்டில் மற்ற வீட்டார் கை நனைப்பதில்லை. ஓரகத்திகள் இருவரும் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு கடந்துபோவார்கள்.

அந்த வீடு சம்மதித்தால் இந்த வீடு சம்மதிக்காது என்று பெரியவள் சொல்லியிருந்தாள். சின்னவளும் அதையேதான் சொன்னாள், ஒரு சொல்கூடப் பிசகாமல்.

அண்ணன்காரர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வழக்கம்போல நடைவழியில் நாற்காலி போட்டுச் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்திருந்தார். வீடு அவர் பெயரில், பேனா அவர் சட்டைப்பையில். ஆனாலும் பத்து தடவையும் அவர் சொன்னது ஒன்றுதான்: உள்ளே கேளுங்கள், அவள் சரியென்றால் போடுகிறேன். இன்றும் அதையே சொன்னார், தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

பெரியவள் சமையலறையில் இருந்தாள். கையெழுத்துக்காரர் மேடைமேல் வரைபடத்தை விரித்து, காலில் விழாத குறையாகக் கெஞ்சத் தொடங்கினார்.

பாதிப் பேச்சில் அலமாரியிலிருந்த பருப்பு டப்பா தானாக நகர்ந்தது.

டப்பாவுக்குப் பின்னால் சுவரில் செங்கல் அளவுக்கு ஓர் ஓட்டை. ஓட்டை வழியாக வளையல் போட்ட கை ஒன்று டீ டம்ளரை நீட்டியது.

"அக்கா, ஹால்ல இருக்கிற கையெழுத்துக்காரருக்கும் சேத்துப் போட்டேன். இன்னிக்கிச் சக்கர கொஞ்சம் கம்மி."

பெரியவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கமும் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மறைத்துப் பயனில்லை என்று அவளே சொன்னாள். பதினாறு வருடத்துக்கு முன் பழைய குழாய் ஒன்றைப் பிடுங்கினார்கள். ஓட்டையை அடைக்க வந்தவரை நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவைத்தாள். அந்த நாளை இன்னும் வரவில்லை. பிள்ளைகளின் காய்ச்சல், கல்யாணம், பரீட்சை எல்லாவற்றையும் இந்த ஓட்டை வழியாகத்தான் இருவரும் பேசித் தீர்த்தார்கள். சுவரை உடைக்க ஆள் வந்தால் எல்லாம் சந்தி சிரித்துவிடும்.

அப்போது வாசலில் பெரிதாக ஓர் இருமல். கண் இமைப்பதற்குள் டப்பா பழைய இடத்துக்கு வந்துவிட்டது. டிரைவர் உள்ளே வந்தார், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார், போய்விட்டார்.

நல்ல வேளையாக, வீட்டுக்குள் வரும்போதெல்லாம் அவருக்கு இருமல் வந்துவிடும் என்று பெரியவள் நிம்மதியாகச் சொன்னாள்.

இந்தச் சுவரை மட்டும் விட்டுவிட்டால் உடனே சம்மதம் என்றாள். நாலு மாடி ஏறி இறங்கி அவள் முழங்காலும் ஓய்ந்துபோயிருந்தது. விடலாம்தான், படிவத்தில் அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் என்ன வேண்டாம், ஏன் வேண்டாம் என்று வீட்டுக்காரர் தன் கையால் எழுதவேண்டும்.

அவரிடம் என்னவென்று சொல்லி எழுத வைப்பது? பெரியவள் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லிஃப்டா ஓரகத்தியா என்றால் ஓரகத்திதான் என்றாள் கடைசியில்.

கையெழுத்துக்காரருக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் இறங்குவதற்குச் சுலபமாக இருந்திருக்கும். டீயை முழுதாகக் குடித்துவிட்டு, வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். நடைவழி நாற்காலியில் செய்தித்தாள் மட்டும் கிடந்தது.

டிரைவர் படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றிருந்தார், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு.

படிவத்தை வாங்கிச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். மாற்றம் கோரும் இடத்தில், சமையலறைச் சுவரை இரண்டு பக்கமும் தொடக்கூடாது என்று எழுதினார். காரணம் என்ற இடத்தில் சற்று யோசித்துவிட்டு, சொந்த விஷயம் என்று எழுதினார்.

பிறகு மேலே ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"வாரிய இன்ஜினியரே சுவத்த விட்டுட்டார்னு அவகிட்டச் சொல்லிடுங்க. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, அப்புறம் நான் கோவப்பட வேண்டியிருக்கும்."